குருத்து மேலே இருக்க வேண்டும்

என் அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தால் அன்றைக்கு மழை கொட்டும் என்று கேலி பேசியே பழகியவர்கள். பேசட்டும். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரே வேலை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். என்னைவிட அவளைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

நாங்கள் வேலை பார்ப்பது மலைச்சாலைகளுக்குப் புல் வளர்த்துக் கொடுக்கும் நாற்றுப் பண்ணையில். புல் வளர்க்க ஒரு பண்ணையா என்று முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். மலையை வெட்டிச் சாலை போட்டால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். சுவர் கட்டலாம், கம்பி வலை அடிக்கலாம். ஆனால் மண்ணை உள்ளே போய்ப் பிடித்து நிறுத்த வேரால்தான் முடியும். அதற்காகத்தான் கொத்துப்புல்லை வளர்க்கிறோம். மரம்கூட வளர யோசிக்கிற உயரத்தில், காற்று அறைகிற சரிவுகளில், கொத்துக் கொத்தாக நிற்கிற புல் அது. வருஷா வருஷம் விதைத்து அறுக்கிற சாதி இல்லை. ஒரு முறை பிடித்துவிட்டால் நட்டவர்கள் போன பிறகும் நிற்கும்.

ஆனால் பிடிப்பதற்குள் நம் உயிரை வாங்கிவிடும். கல்லும் சரளையுமான வறட்டு மண்தான் அதற்கு ஆகும். எரு போட்டால் தளதளவென்று வளர்ந்து, முதல் உறைபனியிலேயே சுருண்டு விழும். தண்ணீர் தேங்கினால் அழுகும். நிழல் ஆகாது. இலைகூடத் தன்னைத் தானே ஊசியாகச் சுருட்டிக்கொண்டிருக்கும், காற்று ஈரத்தை உறிஞ்சிவிடக் கூடாதாம். பூப்பதும் அதன் இஷ்டம்தான். ஒரு கோடை நன்றாகக் காய்ந்தால் மறு வருஷம் மலை முழுக்க ஒன்று சேர்ந்து பூக்கும். இல்லையென்றால் பல வருஷம் ஒரு கதிரைக்கூடக் கண்ணில் காட்டாது.

"இது உங்க குடும்பத்துப் புல்லுதான்" என்பாள் அண்ணி என்னிடம். "நல்லது பண்ணினா ஆகாது."

"அப்போ உங்களை மாதிரி ஆளு வந்து நட்டதாலதான் பிழைச்சிருக்கு" என்பேன் நான். அண்ணன் பண்ணைக்கு மேற்பார்வையாளர். இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் ஏதோ அவசர வேலை இருப்பது போல் வெளியே போய்விடுவார்.

பூப்பதை நம்ப முடியாது என்பதால் விதையை நம்பியும் பயனில்லை. வளர்ந்த கொத்தைத் தோண்டி எடுத்து, தூர் பிரித்துத்தான் நடுவோம். அண்ணி அதில் கெட்டிக்காரி. கத்தி வைத்துக்கொள்ள மாட்டாள். கொத்தை மடியில் வைத்து, இரண்டு கட்டை விரலையும் உள்ளே விட்டு, ரொட்டியைப் பிய்ப்பது போலப் பிரிப்பாள். வயதான கொத்தின் நடுப்பகுதி செத்துப் போயிருக்கும், உயிர் சுற்றிலும் வளையமாகத்தான் இருக்கும். செத்ததைத் தட்டிவிட்டு, விரல் தடிமனுக்கு ஒரு கன்று, அதோடு ஒரு சாண் வேர் என்று எடுத்து வரிசையாக வைப்பாள். கன்றின் அடியில், இலைகள் சேருகிற இடத்தில், உள்ளே வெள்ளையாக ஒரு குருத்து இருக்கும். புல்லின் உயிர் அங்கேதான். மேலே இலை முழுக்கக் காய்ந்து பழுப்பாகி, செத்துவிட்டது என்று ஊரே சொன்னாலும், அடியை லேசாக உரித்துப் பார்த்தால் குருத்து வெள்ளையாக ஈரமாக இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

நடும்போது எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நட்டால் காற்றில் ஆடும், பனி வேரைக் கிளப்பிவிடும், ஆனாலும் மறுபடி அமுக்கிவிடலாம். இரண்டு விரல் ஆழமாகப் போய்விட்டால் முடிந்தது. குளிர்காலம் பூராவும் ஈரத்தில் கிடந்து குருத்து அழுகிவிடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. வசந்தத்தில் பக்கத்துக் கன்றெல்லாம் பச்சை விடும்போதுதான் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நல்லெண்ணத்தில் செய்கிற தப்பு அது. ஆழமாக நட்டால் கெட்டியாக நிற்கும் என்று நினைத்துவிடுவார்கள்.

இதை இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணிக்கு ஒரே பிள்ளை. நாங்கள் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவோம். தவழுகிற வயதில் எங்கள் வேலை மேஜைக்கு அடியில் கன்றுக் கூடையில் படுத்துத் தூங்கியவன். மீசை வந்த பிறகும் வாலு வாலுதான். புல் என்றால் அவனுக்கு வேப்பங்காய். "மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போற புல்லுக்கு இத்தனை பேரு அடிமை" என்பான். சாலைத் துறையில் மண் அள்ளும் வண்டி ஓட்டப் போனான். வேலை கிடைத்த அன்றைக்கு வீட்டுக்குள் குதித்து வந்து, "அம்மாவுக்குப் புல்லு, எனக்குப் புல்டோசர். குடும்பத் தொழிலை விடல பாத்தியா ஊசி அத்தை" என்றான். ஊசி என்பது எனக்கு அவன் வைத்த பேர். என் வாயைப் பார்த்து வைத்தது. பிறகு அண்ணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் அப்படியே மூடிக் கொண்டுவந்து தொட்டியில் போடுவான். அண்ணி தினமும் கத்துவாள். தினமும் அவளேதான் கழுவுவாள்.

அந்த வருஷம் மழை பேய் மாதிரி பெய்தது. ஊருக்கு மேலே, பேருந்துச் சாலை வளைகிற இடத்தில், சரிவிலிருந்து கொஞ்சம் மண் சாலையில் விழுந்தது. அதை அள்ள வாலு போனான். அவன் அள்ளிக்கொண்டிருக்கும்போதே மிச்சச் சரிவு மொத்தமும் இறங்கிவிட்டது.

நான் அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. என்னால் முடியாது.

வண்டி கிடைத்தது. நசுங்கி, கதவு திறந்து கிடந்தது. அவன் அதில் இல்லை. குதித்து ஓடப் பார்த்திருக்கிறான் என்றார்கள். அவனோடு வேலை பார்க்கிற சிநேகிதன் ஒருவன் நகம் பெயரப் பெயரக் கையாலேயே தோண்டினான். பல நாள் தேடினார்கள். சரிவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, தேடுகிறவர்கள் மேலேயே மண் சரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள். வண்டிக்குள்ளிருந்து எடுத்த அவனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணி திறந்து பார்த்தாள். பளிச்சென்று கழுவி வைத்திருந்தான்.

"ஒரு நாளும் கழுவ மாட்டானே ஊசி. அன்னிக்கு மட்டும் ஏன் கழுவினான்?" என்று என்னைக் கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் கேட்கிறாள்.

உடம்பு கிடைக்காமல் எதையும் செய்ய அவள் சம்மதிக்கவில்லை. படத்துக்கு மாலை போடக்கூட விடவில்லை. "எடுத்துக் குடுங்க. எம்பிள்ளையை எடுத்துக் கையில குடுங்க. நான் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் நீங்க சொல்றதெல்லாம் கேக்கறேன்" என்பாள். இதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சாப்பாடு, தூக்கம், நாங்கள், ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் சாலைப் பொறியாளர் பண்ணைக்கு வந்தார். நல்ல மனுஷர். அண்ணன் முன்னால் உட்காரவே கூச்சப்பட்டார். சரிவைப் படிப்படியாக வெட்டி, சணல் வலை விரித்து, கொத்துப்புல் நடுவதாக முடிவாகியிருக்கிறது என்றார். "புல் பிடிச்சிட்டா அந்த இடத்துல அப்புறம் யாரும் கை வைக்க மாட்டோம்."

தேநீர் கொண்டுவந்த அண்ணி நின்றுவிட்டாள். "பிடிக்கலைன்னா?"

பொறியாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டை செத்தாலும் கஷ்டம்தான்மா. தண்ணி அதுக்குள்ள இறங்கும். அப்புறம் பாறை வரைக்கும் மண்ணை வழிச்சு எடுத்துட்டு சுவர்தான் எழுப்பணும்."

"வழிச்சு எடுக்கறதுன்னா எல்லா மண்ணையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் போன பிறகு அண்ணி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலை மேஜைக்கு வந்தாள். அவன் போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. கொத்தை மடியில் வைத்துத் தூர் பிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மனுஷி தேறிவிட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

எங்கள் பண்ணையில் நடுவதற்கு ஒரு முறை உண்டு. சரிவின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரிப்போம். ஒரு பட்டைக்கு ஒரு ஆள். உச்சியில் ஆரம்பித்து அடிவரைக்கும் அவரே நட வேண்டும். ஒருவர் கயிற்றுக்குள் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, உதவி என்றாலும் கேட்காமல் செய்யக் கூடாது. எந்தப் பட்டை வந்தது, எந்தப் பட்டை போனது என்று வசந்தத்தில் பார்த்தால் யார் கை எப்படி என்று தெரிந்துவிடும். நடவு முடிந்ததும் கயிற்றை எடுக்க மாட்டோம். புல் பிடிக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

நடுப் பட்டையை அண்ணி கேட்டு வாங்கினாள். வண்டி கிடந்த இடம் அதில்தான் இருந்தது. பெற்ற வயிறு கேட்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? அதற்கடுத்த பட்டை எனக்கு. பனிமூட்டத்தில் பக்கத்துக் கயிறே மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் குனிந்து குனிந்து நடுகிற நிழல் தெரிந்தது. ஒவ்வொரு கன்றையும் வைத்து, மண்ணைத் தள்ளி, குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் முடிப்பதற்கு முன்பே அடிக்கு வந்துவிட்டாள். என்ன வேகம், என்ன வைராக்கியம் என்று எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள்.

குளிர்காலம் வந்தது. சரிவு முழுக்க ஒரே பழுப்பு. அது வழக்கம்தான். முதல் வருஷம் அந்தப் புல் வெளியே எதையும் காட்டாது, வேரைத்தான் இறக்கும். அண்ணி தினமும் வேலை முடிந்து அந்த வளைவு வரை நடந்து போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் நாள் பார்ப்பது போல அவள் எதற்கோ காத்திருந்தாள்.

பனி உருகியது. பட்டைகள் ஒவ்வொன்றாகப் பச்சை கட்டின. என் பட்டைகூட. நடுப் பட்டை மட்டும் பழுப்பாகவே நின்றது.

அண்ணன் போய்ப் பார்க்கும்போது நானும் கூட இருந்தேன். கயிற்றுக்கு வெளியே மண்டியிட்டு, கைக்கு எட்டிய கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடியை உரித்தார். குருத்து பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. மண் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல். அடுத்ததை எடுத்தார். இரண்டு விரல். மேலே ஏறிப் போய் இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நட்டாலும் தப்பு வராத கை அது. தப்பு வந்திருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்திருக்கும்.

அண்ணன் அந்த அழுகின கன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கீழே வளைவுக்கு அப்பால் இருக்கிற வீடுகளில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்னச் சட்டைகள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அந்தக் கன்றைச் சமையலறை மேஜையில் வைத்தார். அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"வேணும்னே நட்டியா?"

"ஆமா."

"நீயா? உன் கையாலயா?"

"எம்பிள்ளை மேல புல்லு நட்டு மூடச் சொன்னீங்களே, அதுக்கு எப்படி வாய் வந்துச்சு உங்களுக்கு?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "நீங்க எல்லாரும் அதைப் பச்சையாக்கிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவீங்க. போற வர்றவங்க அழகா இருக்குன்னு பாத்துட்டுப் போவாங்க. அவன் அடியில கிடப்பான். தோண்டட்டும். பாறை வரைக்கும் தோண்டட்டும்."

"கீழ வீடு இருக்குடி. பிள்ளைங்க இருக்கு. மழைக்கு முன்னால திரும்ப நட்டுடலாம்."

"என் கயித்துக்குள்ள யாரும் கை வைக்கக் கூடாது."

அண்ணன் மேற்பார்வையாளர். அவர் நினைத்திருந்தால் கயிற்றையும் அறுக்கலாம், அவளையும் வேலையை விட்டு அனுப்பலாம். ஆனால் அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "எனக்கு மட்டும் அவனைப் பாக்கணும்னு இல்லையா?" என்றார். அப்பா செத்தபோதுகூட அழாத அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். அண்ணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் தொடவில்லை. நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில் அங்கே இருக்க என்னைப் போன்ற வாயாடிக்கு இடமில்லை.

பொறியாளர் வந்து கேட்டபோது, சில பட்டை கொஞ்சம் தாமதமாகத் துளிர்க்கும் சார் என்று அண்ணன் சொன்னார். வாழ்க்கையில் புல்லைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அவள் மனசு மாறும் என்று நினைத்தார். மாறாமல் போனாலும் பரவாயில்லை என்று அவருக்குள்ளேயும் ஒரு மூலையில் இருந்திருக்கும். அவரும் அப்பாதானே.

மழை முந்திக்கொண்டது. ஒரே ஒரு மதியம்தான் பெய்தது. மற்ற பட்டைகளில் தண்ணீர் சமர்த்தாக இறங்கியது. நடுப் பட்டை மட்டும் வாய்க்கால் மாதிரி கிழிந்து, அதன் மண் கொட்டி, பேருந்துச் சாலையின் பாதியை மூடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேருந்து சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. சேதி கேட்டு நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். அண்ணி எங்களுக்கு முன்னால் ஓடினாள். அவள் முகத்தில் இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆசை இருந்தது. இனி தோண்டுவார்கள் என்ற ஆசை.

மண்ணை அள்ள வண்டி வந்திருந்தது. அதே வண்டிதான். பழுது பார்த்து வேறு கதவு மாட்டியிருந்தார்கள், கதவின் நிறம் மட்டும் ஒட்டவில்லை. உள்ளே வாலுவின் சிநேகிதன், நகம் பெயரத் தோண்டினவன், உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் மண் அள்ளுவான், கழுத்தை வளைத்து மேலே பார்ப்பான். மறுபடி அள்ளுவான், மேலே பார்ப்பான். கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தான்.

அண்ணி நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். அவன் பதறிப்போய் நிறுத்தினான்.

"அம்மா, தள்ளிப் போங்க. மேல இன்னும் ஆடிக்கிட்டிருக்கு."

"ஆடுதுன்னு தெரியுதுல்ல. இறங்கு."

"வேலைம்மா. பஸ் நிக்குது."

"நீ இங்க வந்திருக்கறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா விட மாட்டாங்க" என்றான்.

அண்ணி மேலே பார்த்தாள். அவனைப் போலவே கழுத்தை வளைத்துப் பார்த்தாள். அந்தச் செத்த பட்டை, அவள் கையால் செத்த பட்டை, உச்சியிலிருந்து அடிவரை கிழிந்து கிடந்தது. அவள் முகத்தில் இருந்த ஆசை வடிந்து போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பார்த்ததற்கு என் கண் அவிந்து போயிருக்கலாம். பொறியாளர் சொன்ன சுவர் சும்மா எழும்பாது. பாறை வரைக்கும் வழிப்பதற்கு யாராவது ஒருத்தன் இந்த வண்டியில், இந்தச் சரிவுக்கு அடியில், மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அவள் பிள்ளையைத் தேடி இன்னொருத்தி பிள்ளை உட்கார வேண்டும்.

"நீ இறங்கிப் போடா" என்றாள் மெதுவாக. "மேல கெட்டியான அப்புறம் அள்ளிக்கலாம். போய் உங்க அம்மாகிட்ட சாப்பிடு."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையாட்டினார். இறங்கினான்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. சுவருக்கு முன்னால் இன்னொரு தடவை நட்டுப் பார்க்கலாம் என்று பொறியாளரும் ஒத்துக்கொண்டார். அண்ணி பண்ணையிலிருந்து கன்றுக் கூடைகளை வண்டியில் ஏற்றச் சொன்னாள். உச்சிக்கு ஏறிப் போய், தன் கயிற்றுக்குள் தனியாக ஆரம்பித்தாள். அழுகினதைப் பிடுங்குவாள், கிழிந்த இடத்தில் மண்ணை அணைப்பாள், புதுக் கன்றை வைப்பாள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றோம். அண்ணன், நான், மற்ற பட்டைக்காரர்கள் எல்லோரும் நின்றோம். அவள் கூப்பிடவில்லை.

வண்டி கிடந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். மண்டியிட்டாள். கன்றுக்குக் குழி ஒரு சாண் இருந்தால் போதும். அவள் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. கன்னம் மண்ணில் பட, கண்ணை மூடி, உள்ளே விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. பிறகு கையை வெளியே எடுத்து, குழியைப் பாதிக்கு மேல் மூடி, கன்றை வைத்து, வெள்ளைக் குருத்து மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, சுற்றிலும் விரல் நுனியால் அமுக்கினாள். இந்த முறை குதிகாலால் மிதிக்கவில்லை.

அதன் பிறகு எழுந்து நின்று, அவள் பட்டைக்கும் என் பட்டைக்கும் நடுவே இருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"வா ஊசி" என்றாள். "என்னால தனியா முடியல."

எல்லோரும் உள்ளே போனோம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம். மிஞ்சிய கன்று ஒன்றை அண்ணன் பண்ணைக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் நட்டார். ஆளுயரத்துக்கு மேல் ஆழமான பெட்டி அது. ஒரு பக்கம் கண்ணாடி, அதன் மேல் கறுப்புத் துணி. துணியைத் தூக்கினால் வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் வேருக்கு ஆகாது, பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

புல் பிடித்தது. முதல் வருஷம் பொறுத்தது, இரண்டாம் வருஷம் பக்கக் கன்று வைத்தது, மூன்றாம் வருஷம் பட்டைக்குப் பட்டை வித்தியாசம் தெரியாமல் ஒன்றாகிவிட்டது. பொறியாளர் வந்து, இனிமேல் இந்த இடத்தைப் பற்றிக் கவலையில்லை, இதோடு முடிந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். அண்ணி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். முடிந்தது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பாதி குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவள் பழைய அண்ணி ஆகவில்லை. வேலைக்கு வருகிறாள், தூர் பிரிக்கிறாள், என்னோடு சண்டைகூடப் போடுகிறாள், ஆனால் பாதியில் விட்டுவிடுகிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஜெயிக்க விட்டுவிடுகிறாள். மதியச் சாப்பாட்டை வாலுவின் டப்பாவில்தான் கொண்டுவருகிறாள். சாப்பிட்டதும் உடனே கழுவிவிடுகிறாள்.

தினமும் காலையில் வந்ததும் கண்ணாடிப் பெட்டியின் துணியைத் தூக்கிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. முழங்கால் ஆழம், இடுப்பாழம், நெஞ்சாழம் என்று வேர் வருஷா வருஷம் இறங்கியது. எதற்குப் பார்க்கிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

போன கோடை காய்ந்தது. இந்த வருஷம் பூத்திருக்கிறது. சரிவு முழுக்க வெளிர் நிறக் கதிர்கள், காற்றடித்தால் ஒன்றாகச் சாய்கின்றன. பேருந்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும் என்று அண்ணியே சொல்லிவிட்டாள்.

நேற்றுக் காலை நான் போனபோது அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். துணியைத் தூக்கி வெகுநேரம் ஆகியிருக்கும் போல. மூடச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். வேர் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டு, போக வழியில்லாமல் அங்கேயே சுருண்டு சுருண்டு கிடந்தது.

"பெட்டி முடிஞ்சுபோச்சு ஊசி" என்றாள்.

"ஆமா அண்ணி."

"அங்க பலகை ஒண்ணும் இல்லையே. கீழ போய்க்கிட்டேதானே இருக்கும்?"

"இருக்கும்."

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் நெற்றியில் அப்படித்தான் வைப்பாள்.

"அப்போ இந்நேரம் அவன்கிட்ட போயிருக்கும்ல?"

"போயிருக்கும் அண்ணி" என்றேன்.

அவள் துணியை இறக்கி, ஓரங்களைச் சரியாக இழுத்து மூடினாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.